ரெட் ஹாட் 8.6-ல் பூட்டிய சர்வர்கள்: "செய்ய எதுவும் இல்லை" என்கிறது, ஆடிட்டர் விடமாட்டேன் என்கிறார்

இரவுப்பணி · திங்கள், இரவு 11:40

வணக்கம். இந்த வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. எங்களிடம் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8 ஓடும் சர்வர்கள் 38. எல்லாமே 8.6. எனக்கு முன்னால் இருந்தவர் 2022-ல் அந்தப் பதிப்பைத் தாண்டாதபடி பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் உற்பத்தித் திட்டமிடும் மென்பொருளைத் தரும் வெண்டர், "8.6-ல் மட்டும்தான் சோதித்திருக்கிறோம்" என்று அப்போது எழுதிக் கொடுத்தாராம்.

மாதா மாதம் பேட்ச் (திருத்தம்) போடும் நாளில் டிஎன்எஃப் (மென்பொருளை நிறுவும், புதுப்பிக்கும் கருவி) அப்டேட் ஓட்டுகிறோம். "செய்ய எதுவும் இல்லை" என்று வருகிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிக்கெட்டில் ஒட்டி மூடிவிடுகிறோம். இந்த முறை வெளியிலிருந்து வந்த ஆடிட்டர் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேன் போட்டு எண்பது பக்க அறிக்கை கொடுத்துவிட்டார். மேனேஜர் அசரவில்லை. "ரெட் ஹாட் பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் உள்ளே வைக்கும், ஸ்கேனருக்கு அது புரியாது. போன வருடமும் இதே பதில்தான் கொடுத்தோம்" என்கிறார்.

அவர் சொல்வது சரியா? சரி என்றால் எப்படி நிரூபிப்பது?

ரூட்ராஜா · திங்கள், இரவு 11:58

பாதி சரி. ரெட் ஹாட் 8-ல் அப்பாச்சி வெப் சர்வர் கடைசிவரை 2.4.37 தான். வெளியில் பதிப்பு எங்கேயோ போய்விட்டது, ஆனால் ஓட்டைக்கான திருத்தத்தை மட்டும் எடுத்து இந்தப் பழைய 2.4.37-க்குள் தைத்துக் கொடுப்பார்கள். எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் அலறத்தான் செய்யும்.

ஆனால் தைத்துக் கொடுத்தது உங்கள் மெஷினுக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, சப்ஸ்கிரிப்ஷன் மேனேஜரில் (ரெட் ஹாட் சந்தாவைக் கவனிக்கும் கருவி) ரிலீஸ் என்னவென்று காட்டச் சொன்னால் என்ன வருகிறது? இரண்டு, இயங்கும் ரெப்போக்களின் (அப்டேட் வந்திறங்கும் கிடங்குகள்) பெயரில் எங்காவது "இயுஎஸ்" என்று இருக்கிறதா?

இரவுப்பணி · செவ்வாய், காலை 9:25

ரிலீஸ் 8.6 என்று வருகிறது. ரெப்போ பேஸ்ஓஎஸ், ஆப்ஸ்ட்ரீம் இரண்டுதான். பெயரில் இயுஎஸ் இல்லை. அது இல்லாவிட்டால் பிரச்சினையா?

பழைய_வீல் · செவ்வாய், காலை 10:12

தம்பி, உட்கார்ந்துகொண்டு படி.

ரெட் ஹாட் ஆறு மாதத்துக்கு ஒரு சிறு பதிப்பு விடும். 8.6 வந்தது 2022 மே. 8.7 வந்தது 2022 நவம்பர். நீ 8.6-ல் பூட்டினால், சாதாரண ரெப்போவில் 8.6-க்கான திருத்தங்கள் 8.7 வரும் நாள் வரைக்கும்தான் வரும். 8.7 வந்த பிறகு புதுத் திருத்தம் எல்லாம் அதற்குப் போய்விடும். 8.6-க்கான ரெப்போ அப்படியே உறைந்து நிற்கும்.

நிற்கிறது என்பதுதான் சிக்கலே. அதை அழிக்க மாட்டார்கள், 404 (இங்கே இல்லை என்ற பிழை) வராது, எச்சரிக்கையும் வராது. டிஎன்எஃப் போய்ப் பார்க்கும், உன்னிடம் இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்று, "செய்ய எதுவும் இல்லை" என்று சொல்லும். பொய் சொல்லவில்லை, நீ காட்டிய அலமாரியில் நிஜமாகவே எதுவும் இல்லை. 2022 நவம்பரிலிருந்து உன் 38 மெஷினுக்கும் ஒரு திருத்தம்கூட வரவில்லை.

ஒரு சிறு பதிப்பிலேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தமும் வேண்டும் என்றால் அதற்குத் தனி வழி உண்டு. அதுதான் இயுஎஸ், நீட்டிக்கப்பட்ட ஆதரவு. ரெப்போவும் தனி. 8.4, 8.6, 8.8 மாதிரி சில பதிப்புகளுக்கு மட்டும், மொத்தம் இரண்டு ஆண்டு. 8.6-க்கு அதுவும் 2024 மே மாதத்தோடு முடிந்தது. எஸ்ஏபி (நிறுவன நிர்வாக மென்பொருள்) ஓட்டுகிறவர்களுக்கு நான்கு ஆண்டுக்கான வேறொரு ஏற்பாடு இருக்கிறது, உங்களிடம் அது இருக்க வாய்ப்பில்லை.

உங்கள் மேனேஜர் சொன்ன பதில் 2022 தீபாவளிக்கு உண்மை.

இரவுப்பணி · செவ்வாய், காலை 10:31

கை நடுங்குகிறது அண்ணா. மாதா மாதம் ஸ்கிரீன்ஷாட் ஒட்டியதில் நான்கு என் பெயரில் இருக்கிறது.

ரூட்ராஜா · செவ்வாய், காலை 10:50

பதறாதீர்கள். மேனேஜரிடம் போகும் முன் கையில் ஓர் ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். பேக்கேஜ் விவரம் சொல்லும் ஆர்பிஎம் கருவியிடம் ஜிலிப்சியின் (லினக்ஸின் அடிப்படை நூலகம்) சேஞ்ச்லாகை, அதாவது மாற்றப் பட்டியலைக் கேட்டு, அதில் 2023-4911 என்ற சிவிஇ எண்ணை (ஓட்டைகளுக்குத் தரும் அடையாள எண்) தேடிப் பாருங்கள். 2023 அக்டோபரில் வெளியான ஓட்டை, "லூனி டியூனபிள்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். மெஷினில் சாதாரண கணக்கு வைத்திருக்கும் யாரும் ரூட் (முழு அதிகாரம் உள்ள கணக்கு) ஆகிவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தவறு முதலில் நுழைந்தது ஜிலிப்சி 2.34-ல். ரெட் ஹாட் 8-ல் இருப்பது 2.28. அப்படியானால் பாதிப்பு இருக்கக்கூடாது அல்லவா? ஆனால் 2.34-ல் செய்த அந்த மாற்றத்தையும் இவர்கள் எடுத்து 2.28-க்குள் தைத்திருந்தார்கள். தைத்த துணியோடு கிழிசலும் வந்துவிட்டது. அதனால் "எங்களுடையது பழைய எண், எங்களைத் தொடாது" என்கிற வாதமும் எடுபடாது.

சேஞ்ச்லாகில் அந்த எண் இல்லை என்றால் அந்த ஒரு வரி போதும், எண்பது பக்கம் தேவையில்லை.

இரவுப்பணி · செவ்வாய், காலை 11:20

இல்லை. நான்கு மெஷினில் பார்த்தேன், எதிலும் இல்லை.

பழையதே_பொன் · செவ்வாய், மதியம் 1:05

எல்லோரும் பையனைப் பயமுறுத்துகிறீர்கள். பூட்டி வைப்பது பாவம் இல்லை. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் ஓட்டை வந்தபோது ரெட் ஹாட் 6.5-க்கு மாறியவர்கள்தான் ராத்திரி பகலாக ஓடினார்கள். 6.4-ல் நின்றவர்களிடம் ஓபன்எஸ்எஸ்எல் 1.0.0 தான் இருந்தது, அதில் அந்த ஓட்டையே கிடையாது. நாங்கள் 6.4. நான் அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

2024 ஜூலையில் ஓபன்எஸ்எஸ்எச்-ல் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் மென்பொருள்) ஓட்டை வந்ததே, அதுவும் ரெட் ஹாட் 9-ஐத்தான் பிடித்தது, 8-ஐத் தொடவில்லை. அதே வருடம் மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவிக்குள் யாரோ ரகசியக் கதவு வைத்தார்கள். மாட்டியது டெபியன் சோதனைப் பதிப்பும் ஃபெடோராவின் முன்னோட்டமும். நிலையான பதிப்பில் இருந்தவர்களுக்கு அது வெறும் செய்தி. புதியது என்றால் பாதுகாப்பு என்று யார் சொன்னது?

பழைய_வீல் · செவ்வாய், மதியம் 1:40

ஐயா, நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. ஆனால் இரண்டு விஷயத்தை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறீர்கள். பழைய தலைமுறையில் நிற்பது வேறு, திருத்தம் வராத இடத்தில் நிற்பது வேறு. ரெட் ஹாட் 8-ல் இருந்துகொண்டே மாதா மாதம் திருத்தம் வாங்குகிறவரும் அந்த ஓபன்எஸ்எஸ்எச் ஓட்டையில் மாட்டவில்லை. அவர் பூட்டி வைக்கவும் இல்லை.

ஹார்ட்பிளீட் அன்று நீங்கள் தூங்கினீர்கள், சரி. அதே 2014 செப்டம்பரில், கட்டளைகளை ஓட்டும் பாஷ் நிரலில் ஓட்டை வந்ததே, ஷெல்ஷாக். அன்றும் தூங்கினீர்களா?

பழையதே_பொன் · செவ்வாய், மதியம் 2:02

அன்று தூங்கவில்லை :)

டெபியன்தாசன் · செவ்வாய், மாலை 4:30

எங்கள் ஊரில் இதற்கு நேர் எதிரான விபத்து. பூட்டாமல் விட்டதால் வந்தது.

ஒரு சின்ன நிறுவனத்தின் வெப் சர்வர். சோர்சஸ் லிஸ்ட்டில் (அப்டேட் எங்கிருந்து எடுப்பது என்ற பட்டியல்) டெபியன் 11-இன் கோட்நேமான "புல்ஸ்ஐ" என்று எழுதாமல் "ஸ்டேபிள்" என்று எழுதி வைத்திருந்தார்கள். 2023 ஜூன் 10 அன்று டெபியன் 12 வந்தது. ஸ்டேபிள் என்ற சொல் அன்று முதல் டெபியன் 12-ஐ, அதாவது புக்வோர்மைக் குறிக்கத் தொடங்கியது. டெபியனின் அப்டேட் கருவியான ஏப்ட் ஒழுங்காகத்தான் கேட்டது, கோட்நேம் மாறியிருக்கிறது, ஏற்கிறாயா என்று. வேலை பார்த்த பையன் ஒய் தட்டிவிட்டான். பிஎச்பி 7.4 இருந்த இடத்தில் 8.2 வந்து உட்கார்ந்தது. தளம் வெள்ளைப் பக்கம். அன்று சனிக்கிழமை வேறு.

அன்றிலிருந்து எல்லா மெஷினிலும் கோட்நேம்தான். இதுவும் பூட்டுதான், ஆனால் நல்ல பூட்டு. புல்ஸ்ஐ என்று எழுதினால், அதன் ஆதரவுக் காலம் முடியும் வரை புல்ஸ்ஐ-க்கான பாதுகாப்புத் திருத்தம் வந்துகொண்டே இருக்கும், அடுத்த தலைமுறைக்கு மட்டும் தாவாது. உபுண்டுவில் இருப்பவர்கள் ரிலீஸ் அப்கிரேட்ஸ் கோப்பில் ப்ராம்ப்ட் என்ற வரியை "நெவர்" என்று வைத்தால் அடுத்த பதிப்பு வந்துவிட்டது என்று அது நச்சரிக்காது, திருத்தமும் நிற்காது.

யாழ்வழங்கி · செவ்வாய், மாலை 6:15

நாங்கள் ரெட் ஹாட்டின் இலவச நகலான சென்ட்ஓஎஸ் 7 வைத்திருந்தம். அங்க இந்தச் சத்தமில்லாத சிக்கல் இல்லை, ஏனெண்டால் பழைய சிறு பதிப்பை மிரரில (பதிவிறக்கத் தளத்தில) வைத்திருக்கவே மாட்டினம். 7.6.1810-இல் பூட்டினால், அடுத்தது வந்த கையோடு அந்த அடைவு வால்ட்டுக்கு (பழைய பதிப்புகளின்ர காப்பகத்துக்கு) போய்விடும், யம் (டிஎன்எஃப்-க்கு முந்தின கருவி) 404 எண்டு கத்தும். எரிச்சலா இருக்கும், ஆனால் ஏதோ பிழை எண்டு விளங்கும்.

2024 ஜூன் 30-ஓட 7 முழுக்க முடிஞ்சுது. மிரர்லிஸ்ட் முகவரியே கிடைக்கேல்லை. அப்ப கன பேர் இணையத்தில பார்த்து ரெப்போ முகவரியை வால்ட்டுக்கு மாத்தி எழுதிவிட்டு "சரியாக்கிப்போட்டன்" எண்டவை. சரியாகேல்லை, கத்தினதை நிப்பாட்டினதுதான். வால்ட்டில புதுசா ஒண்டும் வராது. தம்பியின் 8.6-உம் இப்ப அந்த வால்ட் மாதிரித்தான்.

ரூட்ராஜா · செவ்வாய், மாலை 6:40

"கத்தினதை நிப்பாட்டினது". இதை எங்கள் டீம் சுவரில் எழுதி ஒட்டப்போகிறேன் அண்ணை.

எங்கள் டீமில் இன்னொன்றும் உண்டு. "இந்த சர்வரைப் பின் பண்ணியிருக்கிறோம்" என்றால் பின்னால் பண்ணிக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

டிபிஏ_அக்கா · செவ்வாய், இரவு 8:20

பூட்டுகிறவர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்ற தொனி வருகிறது, அதனால் எழுதுகிறேன். டேட்டாபேஸ் பக்கம் நாங்கள் பூட்டாமல் இருக்கவே முடியாது. எஸ்ஏபி ஹானா டேட்டாபேஸுக்குக் குறிப்பிட்ட சிறு பதிப்புகளில்தான் ஆதரவு உண்டு. நான் பாட்டுக்கு அடுத்ததற்குத் தாவிவிட்டு, பிறகு ஏதாவது ஆகி கேஸ் திறந்தால், முதல் பதிலே "உங்கள் பதிப்பு பட்டியலில் இல்லை" என்று வரும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த பதிலை வாங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் பூட்டுவது என்றால் முழுதாகப் பூட்ட வேண்டும். நான் பார்த்ததிலேயே மோசம் அரைப் பூட்டு. ஒரு இடத்தில் ரெட் ஹாட் 9 மெஷினில் ஓபன்எஸ்எஸ்எச்-ஐ மட்டும் வெர்ஷன்லாக் போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள், மற்றதெல்லாம் அப்டேட் ஆகட்டும் என்று. 9.5-ல் ஓபன்எஸ்எஸ்எல் 3.0.7-லிருந்து 3.2.2-க்குப் போனது. பழைய எஸ்எஸ்எச்டி (ஓபன்எஸ்எஸ்எச்-இன் சர்வர் நிரல்) எழுந்து பார்த்தது, நான் கட்டப்பட்டது 3.0-ஐ வைத்து, இங்கே இருப்பது 3.2, ஒத்துவரவில்லை என்று படுத்துவிட்டது. சர்வர் ஓடுகிறது, டேட்டாபேஸ் ஓடுகிறது, உள்ளே போக மட்டும் வழியில்லை. கன்சோல் பாஸ்வேர்ட் யாருக்கும் ஞாபகம் இல்லை. மீதியைச் சொல்ல வேண்டாம்.

சிறு பதிப்பு என்பது ஒரு செட். அதற்குள் இருக்கும் பேக்கேஜ்கள் ஒன்றோடு ஒன்று சோதிக்கப்பட்டவை. நிறுத்தினால் செட்டாக நிறுத்துங்கள், நகர்த்தினால் செட்டாக நகர்த்துங்கள்.

மேகத்தூதன் · செவ்வாய், இரவு 9:05

அமேசான் லினக்ஸ் 2023 இதை ஆரம்பத்திலேயே பூட்டித்தான் தருகிறது. எந்த இமேஜில் மெஷினை எழுப்பினோமோ அந்த நாளின் ரெப்போவோடு அது கட்டுண்டு இருக்கும். சும்மா அப்டேட் கொடுத்தால் எதுவும் வராது. அடுத்த தேதியின் பதிப்பை நாமே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நூறு மெஷினும் ஒரே மாதிரி இருக்கும், அது பெரிய நிம்மதி. தெரியாமல் வருகிறவர்கள் தம்பி மாதிரியே "எதுவும் இல்லை"-யைப் பார்த்து ஏமாறுவார்கள், அதுவும் உண்மை.

விண்டோஸ்வாசி · செவ்வாய், இரவு 9:30

இந்தப் பக்கமும் நிம்மதி இல்லை. 2024 நவம்பரில் விண்டோஸ் சர்வர் 2022 மெஷின்கள் சில ராத்திரியோடு ராத்திரியாக 2025 ஆகி நின்றன. வேறு நிறுவனங்களின் பேட்ச் கருவிகள் அந்த அப்கிரேடைச் சாதாரண அப்டேட் என்று நினைத்து இறக்கிவிட்டன. லைசென்ஸ் வாங்காத சர்வர் பதிப்பில் காலையில் லாகின் ஆனால் எப்படி இருக்கும்! நீங்கள் பேசுங்கள்.

இரவுப்பணி · புதன், காலை 9:50

மேனேஜரிடம் அந்த ஜிலிப்சி வரியை மட்டும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் "எப்போது முடிப்பாய்" என்றார். வெண்டரை என்ன சொல்லிச் சமாளிப்பது? 8.8-க்குப் போகவா, 8.10-க்கா?

பழைய_வீல் · புதன், காலை 10:30

நேராக 8.10. 8.8-இன் இயுஎஸ்-உம் 2025 மே மாதத்தோடு முடிந்தது, அங்கே போய் மறுபடி ஓர் உறைந்த அலமாரி முன்னால் நிற்காதே. 8.10 தான் இந்த வரிசையின் கடைசிச் சிறு பதிப்பு, 2024 மே மாதத்தில் வந்தது. 8.11 கிடையாது. ரெட் ஹாட் 8-க்குப் பராமரிப்பு 2029 மே வரை. அதாவது 8.10-ல் நின்றால் நீ பூட்டாமலேயே பூட்டியது மாதிரி. பதிப்பு எண் நகராது, திருத்தம் மட்டும் வரும். உன் வெண்டர் கேட்பதும் இதுதானே?

வெண்டரிடம் "அப்கிரேட்" என்ற சொல்லையே எடுக்காதே, பயந்துவிடுவார்கள். எண்ணைக் காட்டு. 8.6-இன் கர்னல் (ஓஎஸ்-இன் மையக் கரு) 4.18.0-372. 8.10-இன் கர்னல் 4.18.0-553. முன்னால் இருக்கும் 4.18 அப்படியே இருக்கிறது, வால் மட்டும் வேறு. ஜிலிப்சி இரண்டிலும் 2.28. உங்கள் மென்பொருள் கர்னல் மாட்யூல் எதையும் ஏற்றுகிறதா என்று மட்டும் கேள். ஏற்றினால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுப்பதற்குக் காரணத்தை எழுத்தில் தரச் சொல். எழுத்தில் கேட்டால் பாதிப் பேர் சம்மதித்துவிடுவார்கள்.

டெஸ்ட் மெஷின் இரண்டு, அப்புறம் ஒரு வாரம் சும்மா இரு. பழைய கர்னல் கிரப் என்ற பூட் மெனுவில் இருக்கும், ஆடினால் அதில் எழுப்பலாம். ஆனால் அது கர்னலுக்கு மட்டும், மற்றதற்கு விஎம் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்.

மேகத்தூதன் · புதன், காலை 11:10

உங்கள் 38-ல் மைக்ரோசாஃப்டின் அஜூர் கிளவுடில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அங்கே பூட்டு வேறு இடத்தில் இருக்கலாம். சப்ஸ்கிரிப்ஷன் மேனேஜரில் இருக்காது. டிஎன்எஃப் வார்ஸ் அடைவில் ரிலீஸ்வெர் என்று ஒரு சின்னக் கோப்பு, உள்ளே "8.6" என்று மூன்றே எழுத்து. அதை அழித்து கேஷைத் துடைத்தால்தான் நகரும். முன்னால் இருந்தவர் இரண்டு இடத்திலும் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

இரவுப்பணி · புதன், காலை 11:45

ஆறு மெஷின் அங்கே இருக்கிறது. பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே கோப்பு. கோடி நன்றி.

டிபிஏ_அக்கா · புதன், மதியம் 12:20

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இனி எந்த மெஷினைப் பூட்டினாலும் அன்சிபிளில் (சர்வர்களை அமைக்கும் தானியங்கிக் கருவி) அந்தப் பூட்டோடு ஒரு தேதியும் ஒரு பெயரும் எழுதுங்கள். தேதி தாண்டினால் ப்ளேபுக் சிவப்பில் நிற்கட்டும். "பாக்கி அப்டேட் எத்தனை" என்று மானிட்டரிங்கில் பார்க்காதீர்கள், அது உங்களுக்கு மூன்று வருடம் பூஜ்யம் காட்டியது. "கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்து எத்தனை நாள்" என்று பாருங்கள். அறுபது தாண்டினால் யாராவது எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

இரவுப்பணி · ஐந்து வாரம் கழித்து, சனி, இரவு 10:15

இழையைத் தூசி தட்டுகிறேன், மன்னிக்கவும். 38-ல் 31 முடிந்தது. எல்லாம் 8.10. டெஸ்டில் ஒன்றும் ஆடவில்லை. வெண்டர் எழுத்தில் கேட்டதும் மூன்று நாளில் சம்மதித்துவிட்டார்.

மீதி 7 தான் கதை. வெண்டரின் சேவையைத் தொடங்கும் ஸ்கிரிப்ட் முதலில் ஓஎஸ் பதிப்பைப் படித்து, "குறைந்தது 8.6 வேண்டும்" என்று சரிபார்க்கிறது. டெஸ்டில் இந்த ஸ்கிரிப்ட் இல்லை, ப்ரொடக்‌ஷனில் மட்டும் இருக்கிறது. ரீபூட் ஆனதும் அது படித்தது 8.10. அதை தசம எண்ணாக எடுத்துக்கொண்டு 8.1 என்று வாசித்தது. 8.1 என்றால் 8.6-ஐ விடச் சின்னது. "உங்கள் ஓஎஸ் மிகப் பழையது, அப்கிரேட் செய்யவும்" என்று சொல்லி நின்றுவிட்டது.

முதல் மெஷினிலேயே தெரிந்ததால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிட்டோம், மற்ற ஆறையும் தொடவில்லை. ஸ்கிரிப்ட்டைத் திருத்தித் தருவதாக வெண்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை 8.6. பூட்டின் பக்கத்தில் தேதி போட்டிருக்கிறேன், அடுத்த மாதம் 15. பெயர் என்னுடையது.

பழையதே_பொன் · சனி, இரவு 10:40

பார்த்தீர்களா, ஸ்கிரிப்ட் என் கட்சி.

பழைய_வீல் · சனி, இரவு 10:52

ஐயா தூங்கப் போங்கள். தம்பி, 15-ம் தேதி இங்கே வந்து எழுது.